14 அணிகளுக்கு ஆடிய எட்வின் ஜாக்சன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் பார்க்க ஆரம்பித்திருக்கும் நண்பர்களிடம் எட்வின் ஜாக்சன் பெயரை எடுத்தாலே அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன். முதலில் சுலபமானவை, போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

யாருங்க இந்த எட்வின் ஜாக்சன்?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் 2003 முதல் 2019 வரை பந்து வீசிய வலக்கைப் பிட்சர். 1983இல் மேற்கு ஜெர்மனியின் நொய்-உல்ம் நகரில் பிறந்தார். அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். பள்ளிப் படிப்பு ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில். 2001இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி டிராஃப்டின் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) 6ஆவது சுற்றில் அவரை எடுத்தது.

அவருடைய முதல் மேஜர் லீக் ஆட்டம் 2003 செப்டம்பர் 9. அன்றுதான் அவருக்கு 20 வயது நிறைந்தது. எதிரணியில் பந்து வீசியவர் அந்தக் காலத்தின் மிகப் பெரிய பிட்சர்களில் ஒருவரான ராண்டி ஜான்சன். பையன் ஜெயித்துவிட்டான். அடுத்த பத்து வருடத்துக்கு டாட்ஜர்ஸின் தூண் இவர்தான் என்று அன்று பலரும் நம்பினார்கள். நடந்தது வேறு: மொத்தம் 14 மேஜர் லீக் அணிகளின் சட்டையைப் போட்டார். அவருக்கு முன்னால் யாரும் அத்தனை அணிகளுக்கு ஆடியதில்லை.

பேஸ்பால் சுத்தமா தெரியாது. பிட்சர் என்ன பண்ணுவார், எப்படி மதிப்பு போடறாங்க?

ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சருக்கு ஸ்டார்ட்டர் என்று பெயர். ஒரு அணியில் ஐந்து ஸ்டார்ட்டர்கள் இருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் ஐந்து நாளுக்கு ஒரு முறை வாய்ப்பு வரும். நல்ல உடம்போடு இருந்தால் ஒரு சீசனில் 32 ஆட்டம் போல வீசலாம். ஜாக்சன் பெரும்பாலும் ஸ்டார்ட்டர்தான்.

மதிப்பிட இ.ஆர்.ஏ. என்றொரு கணக்கு உண்டு. சக ஆட்டக்காரர்களின் பிழையால் போன ரன்களைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்பதே அது. ஜாக்சன் ஆடிய காலத்துக்கு 4 என்றால் சராசரி, 3க்குக் கீழே பிரமாதம், 5க்கு மேலே போனால் வேலைக்கு ஆபத்து என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்சனின் மொத்த இ.ஆர்.ஏ. 4.78.

14 டீம் பேரையும் வரிசையா சொல்ல முடியுமா?

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், டாம்பா பே ரேஸ் (அவர் சேர்ந்தபோது டெவில் ரேஸ்), டெட்ராய்ட் டைகர்ஸ், அரிசோனா டயமண்ட்பேக்ஸ், சிகாகோ வைட் சாக்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், வாஷிங்டன் நேஷனல்ஸ், சிகாகோ கப்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸ், மயாமி மார்லின்ஸ், சான் டியேகோ பாட்ரேஸ், பால்டிமோர் ஓரியோல்ஸ், ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ், டொராண்டோ ப்ளூ ஜேஸ்.

நடுவில் வாஷிங்டனுக்கு இரண்டாம் முறை போனார். கடைசியில் டெட்ராய்ட்டுக்கும் இரண்டாம் முறை. திரும்பிப் போனதெல்லாம் கணக்கில் சேராது. மொத்த லீகிலேயே 30 அணிகள்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் புரியும்.

ஒரு டீம் இன்னொரு டீமுக்கு மாத்தி விடறப்போ அவர்கிட்ட கேக்கவே மாட்டாங்களா?

பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். மேஜர் லீகில் ஆறு வருட சேவை முடியும் வரை ஆட்டக்காரர் அந்த அணியின் கட்டுப்பாட்டில்தான் இருப்பார். அணி நினைத்தால் வேறு அணியோடு பண்டமாற்றாக அனுப்பிவிடலாம். இதற்குத்தான் ட்ரேட் என்று பெயர். ஃபோன் வரும், பெட்டியைக் கட்ட வேண்டும், 72 மணி நேரத்துக்குள் புது அணியில் போய் நிற்க வேண்டும்.

ஒரு காலத்தில் இது இன்னும் மோசம். ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரருக்கு விடுதலை கிடையாது. 1969இல் செயின்ட் லூயிஸ் அணி தன்னை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பியதை கர்ட் ஃப்ளட் ஏற்க மறுத்து, வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1972இல் தோற்றார். 1975இல் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னலி ஆகிய இரண்டு பிட்சர்கள் தொடர்பாக வந்த நடுவர் தீர்ப்புதான் கதவைத் திறந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் விரும்பிய அணியில் சேரலாம் என்ற ஃப்ரீ ஏஜென்ட் முறை அதற்குப் பிறகு வந்ததுதான்.

ட்ரேடை மறுக்கும் உரிமையும் ஒன்று இருக்கிறது. மொத்தம் பத்து வருட சேவை வேண்டும், அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்திருக்க வேண்டும். ஜாக்சனுக்குப் பத்து வருடம் தாராளமாகச் சேர்ந்தது. ஆனால் எந்த அணியிலும் தொடர்ந்து மூன்று வருடத்துக்கு மேல் இருக்க விடவில்லை என்பதால் அந்த உரிமை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அடிக்கடி ஊர் மாற்றப்படுகிறவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு அதிகம் தேவை, விதியோ அவரைத்தான் வெளியே நிறுத்துகிறது. எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

14 டீம் மாறினார்னா, யாருக்குமே வேண்டாதவர்னுதானே அர்த்தம்?

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். அவர் இடம் மாறிய விதத்தை மூன்று காலமாகப் பிரித்துப் பாருங்கள். 2006 முதல் 2011 வரை எல்லாமே ட்ரேட். ட்ரேட் என்றால் எதிர்ப்பக்கம் ஒரு விலை கொடுத்து இவரை வாங்குகிறது. 2009 டிசம்பரில் மூன்று அணிகள் சேர்ந்து செய்த பெரிய ட்ரேடில் இவர் டெட்ராய்ட்டிலிருந்து அரிசோனா போனபோது, அங்கிருந்து டெட்ராய்ட் வந்தவர்களில் ஒருவர் மேக்ஸ் ஷெர்ஸர். பின்னாளில் மூன்று முறை சை யங் விருது (வருடத்தின் சிறந்த பிட்சருக்கானது) வாங்கியவர் அவர். அடுத்த ஜூலையில் வைட் சாக்ஸ் இவரை வாங்கக் கொடுத்தவர்களில் ஒருவர் டேனியல் ஹட்சன். 2019 உலகத் தொடரின் (வேர்ல்ட் சீரிஸ், சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) கடைசி அவுட்டை எடுத்த பிட்சர். வேண்டாதவருக்கு இப்படியெல்லாம் யாரும் விலை கொடுப்பதில்லை.

அப்படியிருந்தும் ஏன் விட்டார்கள்? மூன்று வருட சேவைக்குப் பிறகு சம்பளம் நடுவர் தீர்ப்பு முறையில் வருடா வருடம் ஏறும். ஆறு முடிந்தால் ஆட்டக்காரர் கைவிட்டுப் போய்விடுவார். அதற்கு முன்பே கைமாற்றிவிடுவதுதான் அணிகளுக்கு லாபம். டெட்ராய்ட் அவரை விட்டது அவருடைய மிகச் சிறந்த சீசனுக்கு அடுத்து: 2009இல் 13 வெற்றி, 9 தோல்வி, இ.ஆர்.ஏ. 3.62, ஆல்-ஸ்டார் (லீகின் நட்சத்திரங்கள் ஆடும் ஆட்டம்) தேர்வும் சேர்ந்து. அணிக்கு அப்போது செலவைக் குறைக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது காலம் 2012, 2013. அப்போது அவரே தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போட்டார். மூன்றாவது காலம் 2015க்குப் பிறகு, வாய்ப்பு எங்கே இருக்கிறதோ அங்கே. மூன்றையும் ஒன்றாகக் கலந்து ‘துரத்தப்பட்டவர்’ என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அப்படி என்னதான் அவர்கிட்ட எல்லாருக்கும் வேணும்?

மணிக்கு 95 மைலைத் தாண்டும் பந்து ஒன்று. அதைவிட முக்கியம், அவர் எப்போதும் தயாராக இருந்தது. 2007 முதல் 2013 வரை ஏழு சீசனில் ஒவ்வொன்றிலும் 31 ஆட்டமாவது ஸ்டார்ட் செய்தார். தோள்பட்டையும் முழங்கையும் சர்வசாதாரணமாகக் கிழியும் தொழில் இது. 162 ஆட்டம், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்றால் ஒரு அணி வருடத்துக்கு ஏறத்தாழ 1,450 இன்னிங்ஸ் வீசியாக வேண்டும். அதில் 180, 200 இன்னிங்ஸைக் குறை சொல்லாமல் சுமக்கிற ஒருவர் சராசரி ஆட்டக்காரர் என்றாலும் அணிக்குத் தங்கம்.

இவ்வளவு அணி மாறியவர்கள் ஏன் பெரும்பாலும் பிட்சர்களாகவே இருக்கிறார்கள் என்ற கேள்விக்கும் இதுதான் பதில். யாருக்காவது கை போய்விட்டால் அடுத்த ஐந்தாவது நாளே இன்னொரு கை வேண்டும்.

149 பந்து, 8 வாக் கொடுத்து ஒரு நோ-ஹிட்டராம். அதெல்லாம் சாதனையா?

என் கண்ணில் அவருடைய வாழ்க்கையிலேயே அழகான இரவு அது. நோ-ஹிட்டர் என்றால் ஆட்டம் முழுக்க எதிரணிக்கு ஒரு ஹிட் (பேட்டர் பந்தை அடித்துப் பத்திரமாகத் தளத்தை எட்டுவது) கூடக் கொடுக்காமல் முடிப்பது. வாக் என்றால் பிட்சர் நான்கு பந்தை அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே போட்டதால் பேட்டர் இலவசமாக முதல் தளத்துக்கு நடப்பது. வாக் எத்தனை கொடுத்தாலும் ஹிட் இல்லையென்றால் நோ-ஹிட்டர் நோ-ஹிட்டர்தான்.

2010 ஜூன் 25. அரிசோனாவுக்காக, தன் பழைய அணியான டாம்பா பே ரேஸை அவர்களுடைய மைதானத்திலேயே எதிர்த்து வீசினார். முதல் மூன்று இன்னிங்ஸில் மட்டும் ஏழு வாக். மூன்றாவதில் ஒருவர்கூட அவுட் ஆகாத நிலையில் மூன்று தளமும் நிறைந்துவிட்டது. ஒரு சாதாரண ஹிட் போதும், இரண்டு ரன் போய்விடும், நோ-ஹிட்டர் என்ற பேச்சே எழுந்திருக்காது. ஒரு ரன்கூடக் கொடுக்காமல் அதிலிருந்து வெளியே வந்தார். அப்புறம் கை சரியாக விழ ஆரம்பித்தது. மீதி ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு வாக். அரிசோனா எடுத்ததும் ஒரே ரன், ஆடம் லாரோஷ் அடித்த ஹோம் ரன். 1-0 என்ற நிலையில் ஒவ்வொரு பந்தும் ஆட்டத்தையே மாற்றக்கூடியது.

இந்தக் காலத்தில் 100 பந்து தொட்டாலே மேலாளர் பிட்சரை எடுத்துவிடுவார். இவரை அரிசோனா மேலாளர் ஏ.ஜே. ஹிஞ்ச் 149 வரை விட்டார். அது சரியா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. கையைப் பற்றிய கவலை நியாயமானதுதான். ஆனாலும் அந்த இரவில் அவரை இறக்கியிருந்தால் அது பெரிய கொடுமையாக இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஒரு வாரத்துக்குள் ஹிஞ்சின் வேலை போனது. ஐந்து வாரத்தில் ஜாக்சனும் சிகாகோவுக்கு ட்ரேட் ஆகிவிட்டார்.

ஒரே நாள்ல மூணு டீம்ல இருந்தாராமே, நெஜமா?

நிஜம். 2011 ஜூலை 27. காலையில் வைட் சாக்ஸ் ஆட்டக்காரர். அவர்கள் டொராண்டோவுக்கு அனுப்பினார்கள். டொராண்டோ அன்றைக்கே அவரை இன்னும் சிலரோடு சேர்த்து செயின்ட் லூயிஸுக்கு அனுப்பி, கோல்பி ராஸ்மஸை வாங்கிக்கொண்டது. டொராண்டோவுக்காக ஒரு பந்துகூட வீசவில்லை, அதனால் அப்போது அந்த அணி கணக்கில் வரவில்லை. 2019இல் நிஜமாகவே டொராண்டோ சட்டை போட்டு ஆடியபோதுதான் அது 14ஆவது அணி ஆனது.

அந்த ட்ரேடில் கூடவே செயின்ட் லூயிஸ் போன இன்னொரு பிட்சர் ஒக்டாவியோ டோட்டெல். அவர் அடுத்த வருடம் டெட்ராய்ட்டில் சேர்ந்து 13 அணிகள் என்ற சாதனையை வைத்தார். ஜாக்சன் பிறகு முறியடித்தது அதைத்தான். இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே பேரத்தில் ஊர் மாறியவர்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சிருக்காரா?

ஆமாம், அதே 2011இல். ஆகஸ்ட் கடைசியில் பத்து ஆட்டத்துக்கும் மேல் பின்தங்கியிருந்த கார்டினல்ஸ், சீசனின் கடைசி நாளில் ப்ளே-ஆஃபில் நுழைந்து, உலகத் தொடரில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸை ஏழு ஆட்டத்தில் வென்றது. நான்காவது ஆட்டத்தை ஸ்டார்ட் செய்தவர் ஜாக்சன். ஏழு வாக் கொடுத்தார், அணி 4-0 என்று தோற்றது. ஆனால் ஜூலைக்குப் பிறகு அவர் 12 ஆட்டத்தை ஸ்டார்ட் செய்து 5 வெற்றி, 2 தோல்வி என்று தோள் கொடுத்திருக்காவிட்டால் அந்த அணி அக்டோபர் ப்ளே-ஆஃபைப் பார்த்திருக்குமா என்பதே சந்தேகம். ஒரே ஒரு ஆட்டம் விட்டிருந்தாலும் அட்லாண்டாவோடு சமமாகி, தனியாக இன்னொரு ஆட்டம் ஆடித்தான் முடிவு தெரிந்திருக்கும்.

2008இல் டாம்பா பேயோடும் உலகத் தொடர் வரை போயிருக்கிறார். அங்கே ஃபிலடெல்ஃபியாவிடம் தோல்வி.

52 மில்லியன் டாலர் வாங்கிட்டு 18 மேட்ச் தோத்தாரே, கப்ஸை ஏமாத்திட்டாரா?

2013 தொடக்கத்தில் கப்ஸ் நான்கு வருடத்துக்கு 52 மில்லியன் ஒப்பந்தம் போட்டது. முதல் வருடம் 8 வெற்றி, 18 தோல்வி. அடுத்த வருடம் 6-15, இ.ஆர்.ஏ. 6.33. மறைக்க ஒன்றுமில்லை, மோசமான இரண்டு வருடம். ஆனால் கேட்டு ஏமாற்றி வாங்கிய பணம் இல்லை இது. கப்ஸ் அப்போது தோற்றுக்கொண்டிருந்த அணி, இன்னிங்ஸை நிரப்ப ஆள் தேவைப்பட்டது. முந்தைய ஆறு வருட ஆட்டத்தைப் பார்த்து அவர்களே கொடுத்த விலை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முதல் ஆறு வருடத்தில் ஆட்டக்காரருக்குக் கிடைப்பது சந்தை விலையைவிட மிகக் குறைவு. 2008இல் 14 வெற்றியோடு டாம்பா பேயை மேலே தூக்கியபோது அவர் பெற்றது ஏறக்குறைய குறைந்தபட்ச ஊதியம். அந்த வருடக் கணக்கை விட்டுவிட்டு 2013 கணக்கை மட்டும் எடுத்து நீட்டுவது சரியில்லை.

டி.எஃப்.ஏ. பண்ணாங்கன்னு போடறாங்களே, வேலையை விட்டுத் தூக்கறதா?

கிட்டத்தட்ட. ஒவ்வொரு அணிக்கும் 40 பேர் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதிலிருந்து ஒருவர் பெயரை நீக்குவதுதான் டி.எஃப்.ஏ. அதற்குப் பிறகு சில நாள் அவகாசம்; அதற்குள் அவரை ட்ரேட் செய்யலாம், வேறு அணி எடுத்துக்கொள்ளலாம், மைனர் லீகுக்கு (மேஜர் லீகுக்குக் கீழ்நிலை லீக்) அனுப்பலாம், இல்லையென்றால் விடுவித்துவிட வேண்டும்.

2015 ஜூலையில் கப்ஸ் ஜாக்சனுக்கு இதைத்தான் செய்தது. ஒப்பந்தப் பணம் முழுக்க உத்தரவாதம் என்பதால் 2016 முடியும் வரை கப்ஸ் கொடுத்தாக வேண்டும். அவரை எடுத்த பிரேவ்ஸும் அடுத்து மார்லின்ஸும் பாட்ரேஸும் குறைந்தபட்ச ஊதியம் மட்டும் கொடுத்தால் போதும். கொஞ்சம் செலவில் அனுபவசாலி ஒருவர் கிடைக்கிறார் என்பதால்தான் அந்த இரண்டு வருடத்தில் அணிகளின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது.

பெரிய பணம் சம்பாதிச்சாச்சு. அப்புறம் ஏன் மைனர் லீகுக்குப் போய்க் கஷ்டப்படணும்?

இதை யார் கேட்டாலும் நான் 2018ஐத்தான் காட்டுவேன். உலகத் தொடர் மோதிரம், நோ-ஹிட்டர், ஆல்-ஸ்டார் எல்லாம் இருக்கிற 34 வயது மனிதர், மைனர் லீக் ஒப்பந்தத்தில் சின்ன ஊர்களில் வீசிக்கொண்டிருந்தார். வாஷிங்டன் மேலே அழைக்கவில்லை என்றதும் வெளியே வந்து ஓக்லண்டில் சேர்ந்தார். அங்கே பிட்சர்கள் வரிசையாகக் காயத்தில் விழுந்துகொண்டிருந்தார்கள். ஜூன் 25 அன்று, நோ-ஹிட்டர் போட்டு எட்டு வருடம் நிறைந்த நாளில், 13ஆவது அணிக்காக இறங்கினார். 17 ஆட்டத்தில் 6 வெற்றி, 3 தோல்வி, இ.ஆர்.ஏ. 3.33. ஓக்லண்ட் 97 ஆட்டம் ஜெயித்து ப்ளே-ஆஃபுக்குப் போனது. இன்னும் தன்னால் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அதில் அவமானம் எங்கே இருக்கிறது?

107 வெற்றி, 133 தோல்வி. கணக்கு பொய் சொல்லாதே?

சொல்லாது, ஆனால் பாதியைத்தான் சொல்லும். வெற்றி தோல்வி பிட்சரின் பெயரில் எழுதப்பட்டாலும் ரன் எடுப்பது மற்றவர்கள். 2007இல் அவர் 5-15. அந்த வருடம் டாம்பா பே 96 ஆட்டம் தோற்றது. அடுத்த வருடம் அதே அணி தேறியது, இவர் 14-11. இன்னொரு பக்கம், 133 தோல்வி சேர வேண்டும் என்றால் உங்களை நம்பி 318 முறை ஆட்டத்தைத் தொடங்கக் கொடுத்திருக்க வேண்டும். நிஜமாகவே மோசமான பிட்சருக்கு அத்தனை தோல்வி சேர வாய்ப்பே கிடைக்காது.

அதற்காக அவரைப் பெரிய மேதை என்று நான் சொல்லவில்லை. பந்து எங்கே போகும் என்பதில் கட்டுப்பாடு கடைசிவரை அவரைத் தொந்தரவு செய்தது. 2019இல் டொராண்டோவும் டெட்ராய்ட்டும் சேர்த்து இ.ஆர்.ஏ. 9.58. அதுவே மேஜர் லீகில் அவருடைய கடைசி வருடம்.

அதோட முடிஞ்சுதா? ஒலிம்பிக்ல பார்த்த ஞாபகம் இருக்கே.

சரியான ஞாபகம். கொரோனாவால் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் இருந்தார். மேலே சொன்ன 40 பேர் பட்டியலில் இருப்பவர்களை லீக் ஒலிம்பிக்குக்கு அனுப்பவில்லை, அதனால் இளைஞர்களும் ஜாக்சன் போன்ற மூத்தவர்களும் சேர்ந்த அணியாக அமைந்தது. இறுதி ஆட்டத்தில் ஜப்பானிடம் 2-0 என்று தோற்று வெள்ளி வாங்கினார்கள். அந்த செப்டம்பரில், 38 வயது தொட்ட கையோடு, ஓய்வை அறிவித்தார்.

ரிச் ஹில்லும் 14 டீம் ஆடிட்டாராமே? இப்போ சாதனை யாருக்கு?

இரண்டு பேருக்கும். 2025 ஜூலை 22 அன்று கேன்சஸ் சிட்டி ராயல்ஸுக்காக இறங்கியபோது ஹில்லுக்கு 45 வயது. இடம் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு, எதிரணி கப்ஸ். 2005இல் அவரை முதன்முதலில் மேஜர் லீகில் இறக்கிய அதே அணி.

ஆனால் இருவர் போன பாதையும் வேறு. ஜாக்சன் இளமையில் விலைபோனவர். 28 வயதுக்குள் ஆறு அணி பார்த்தாகிவிட்டது. ஹில் 35 வயதில் லாங் ஐலண்ட் டக்ஸ் என்ற, மேஜர் லீகோடு சம்பந்தமே இல்லாத அணியில் வீசி, அங்கிருந்து பாஸ்டன் வழியாகத் திரும்பி வந்து, 2016 முடிவில் டாட்ஜர்ஸோடு 48 மில்லியன் ஒப்பந்தம் போட்டவர். 2017இல் பிட்ஸ்பர்க்கில் ஒன்பது இன்னிங்ஸ் ஒரு ஹிட்டும் கொடுக்காமல் வீசியும், தன் அணி ரன் எடுக்காததால் பத்தாவதில் ஜாஷ் ஹாரிசன் அடித்த ஹோம் ரன்னில் 1-0 என்று தோற்றார். ஜாக்சனோ எட்டு வாக் கொடுத்து 1-0 என்று ஜெயித்தார். நோ-ஹிட்டர் பட்டியலில் இருப்பது ஜாக்சன் பெயர் மட்டும்தான்.